தடையின் சுமை யார் தலையில்?

ஐயா,

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசைப் பணியவைத்ததில் பொருளாதாரத் தடைகளுக்குப் பங்குண்டு. கரிம உமிழ்வைக் குறைக்க மறுக்கும் அரசுகள்மீதும் ஐ.நா. ஏன் தடை விதிக்கக்கூடாது? அவற்றைத் தேர்ந்தெடுத்த மக்களும் கொஞ்சம் கஷ்டப்படட்டுமே. என் மகளுக்கு மூன்று வயது. அவள் காலத்தை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அச்சம் மிகையானதல்ல. தூக்கம் கெடவேண்டியவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்பதே என் வருத்தமும்.

ஐ.நா. தடை நடக்கப்போவதில்லை. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தடையைப் பாதுகாப்பு அவைதான் விதிக்கமுடியும்; பெரும் உமிழ்வாளர்களான சீனாவும் அமெரிக்காவும் ரஷ்யாவும் அங்கே தீர்மானங்களைத் தடுக்கும் வீட்டோ அதிகாரத்தோடு அமர்ந்திருக்கின்றன. அதை விடுங்கள்.

'மக்களும் கொஞ்சம் கஷ்டப்படட்டுமே' என்று எப்படி எழுத மனம் வந்தது? ஈராக் மீதான தடை பற்றிய செய்திகளை நாளிதழ்களில் தொடர்ந்து படித்தவன் நான். 1990 ஆகஸ்டில் தடை வந்தது. மறு ஆண்டுப் போரில் மின்நிலையங்கள் தகர்க்கப்பட, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் முடங்கின. அவற்றைச் சீர்செய்யும் உதிரிபாகங்களும் நீரில் கலக்கவேண்டிய குளோரினும்கூட, ஆயுதம் செய்ய உதவலாம் என்ற சந்தேகத்தால் கட்டுப்பாட்டில் சிக்கின. சதாம் உசேனின் அரண்மனைக் குழாயிலா அழுக்கு நீர் வந்தது? உங்கள் மகளின் வயதுக் குழந்தைகள்தான் அதைக் குடித்தார்கள். அங்கே ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் இதைக் கண்டித்தே பதவி விலகினார்கள். சதாமோ 2003 படையெடுப்புவரை பதவியில் இருந்தார். வாக்களித்த மக்கள் என்பதால் இதே தண்டனை நியாயமாகிவிடாது. எதிர்த்து வாக்களித்தவர் வீட்டுக் குழாயிலும் அதே நீர்தான் வரும். தென்னாப்பிரிக்காவை உதாரணம் காட்டுகிறீர்கள். அங்கே ஒடுக்கப்பட்டவர்களின் இயக்கமே தடையைக் கேட்டது என்பதை மறந்துவிட்டீர்கள்.

அரசுகளுக்கு நெருக்கடி கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை, தன்னில் சேராத நாடுகளோடு அப்படலத்தைக் கெடுக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வணிகம் செய்வதைத் தடுத்தது. கெடுக்கும் பொருளுக்குத்தான் தடை. குழந்தையின் மருந்துக்கோ நீருக்கோ அல்ல. 1990இல் ஏழை நாடுகள் மாறிக்கொள்ள ஒரு நிதியையும் அதே உடன்படிக்கைக்குள் அமைத்தார்கள். வெளியே நின்ற நாடுகள் உள்ளே வர இரண்டுமே காரணமாயின. ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதியாகும் எஃகு, சிமெண்ட், அலுமினியம் ஆகியவற்றைத் தயாரிக்கையில் வெளியான கரிமத்துக்கு விலை வைக்கும் ஏற்பாட்டை 2026 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்துகிறது. பொருளைக் குறிவைப்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் வசூலாகும் பணம் ஏழை நாடுகளின் ஆலைகள் மாறுவதற்கென்று ஒதுக்கப்படாதவரை, அதைப் பாதி நியாயம் என்றுதான் சொல்வேன்.