ரத்தம் எடுப்பது நோய்க்காக அல்ல, மாத்திரைக்காக

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. மனச்சிதைவு நோய்க்கு இரண்டு மருந்துகள் கேட்காததால் இப்போது குளோசாபின் கொடுக்கிறார்கள். வாரா வாரம் ரத்தம் எடுக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த நோய் இது, லேகியம் கொடு என்கிறார் சித்தி. கொடுக்கலாமா?

பதில்: உங்கள் சித்தி பாதி சரி. எதிர்ப்பு சக்திக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. ஆனால் குறைவு என்பதல்ல சிக்கல்.

வளரிளம் பருவத்தில் மூளை தன் நரம்பிணைப்புகளில் வேண்டாதவற்றைக் கழித்துவிடும். செடியைக் கவாத்து செய்வதுபோல. எதைக் கழிப்பது என்று அடையாளம் வைப்பதில் 'சி4' என்ற புரதத்துக்குப் பங்குண்டு. கிருமிகள்மேல் குறி வைக்கும் அதே புரதம்தான். அதைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் மரபணு வகை உள்ளவர்களுக்கு மனச்சிதைவு சற்று அதிகம் வருகிறது என்று சுமார் 65,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் காட்டியது. கவாத்து அளவு மீறிப்போகிறது என்பது அதிலிருந்து வந்த ஊகம். 'சற்று' என்பதைக் கவனியுங்கள். அந்த வகை உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

சரி, எதிர்ப்பு சக்தி மிகுவதால் வரும் அழற்சியைத் தணித்தால் குணமாகுமா? அழற்சியைத் தணிக்கக்கூடிய மினோசைக்ளின் என்ற மாத்திரையை பிரிட்டனில் சோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவு: பலனில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூளையின் நரம்பணுக்கள் செய்தி வாங்கும் 'என்எம்டிஏ' ஏற்பிகளை உடலின் எதிர்ப்புப் புரதங்களே தாக்கும் மூளை அழற்சி, முதலில் அச்சு அசலாக மனநோய் போலவே தெரியும். 2007-ல்தான் மருத்துவ உலகம் இதை அடையாளம் கண்டது. இளம்பெண்களுக்கு அதிகம்; சிலருக்குச் சினைப்பையில் கட்டியும் இருக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ குழப்பம், வலிப்பு, வாய் தானாக அசைதல் என்று முற்றும். இதற்கு ஸ்டீராய்டு போன்ற சிகிச்சை நன்றாகவே வேலை செய்யும். தம்பிக்கு இப்படி எதுவும் இருந்ததா என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். குளோசாபின் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம் வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். பெரும்பாலும் அது முதல் சில மாதங்களில்தான். அதனால்தான் முதல் 18 வாரம் வாரா வாரம். அப்புறம் இடைவெளி கூடும். லேகியம் இதைத் தடுக்காது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியத்தை இந்த மாத்திரையோடு கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் 'சாதாரண சளிதான்' என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல், அன்றைக்கே மருத்துவரை அழைத்து வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.