தோட்டத்து வீட்டுக்கு 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதுமா?

கோபி பக்கம் தோட்டத்திலேயே குடியிருக்கிறோம், 5 எச்.பி. போர் மோட்டார், ஒரு ஏ.சி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடணும் என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க.

ஜெனரேட்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்லும் அளவுதான் கே.வி.ஏ. மோட்டாரின் திறனைச் சொல்வது எச்.பி. ஒரு எச்.பி. 746 வாட். அப்படிப் பார்த்தால் 5 எச்.பி.க்கு 3.7 கிலோவாட்தானே என்று தோன்றும். அது மோட்டார் வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். அதுவும் எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜையும் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டர் என்றால், கிளம்பும் அந்த நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுவிடும். குறைந்த வோல்டேஜில் கிளப்பிவிட்டு பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் மோட்டாரிலிருந்து ஆறு வயர் வெளியே வந்திருக்க வேண்டும். முதலில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

சரி, 15 கே.வி.ஏ. டீசலே வாங்கிவிடலாமா? ரெண்டு ஃபேனுக்காக அதை நாள் முழுக்க ஓட்டினால் டீசல் சரியாக எரியாமல் சைலன்சரில் கறுப்புப் பிசினாகப் படியும். என்னைக் கேட்டால் மோட்டாரைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். கரண்ட் இருக்கும்போது தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர், ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர். அவ்வளவுதான்.

அப்புறம், மழைக்குப் பயந்து அதைத் திண்ணையில் வைக்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, வீட்டுக்குள் வந்தாலும் தெரியாது. வீட்டை ஒரு நேரத்தில் ஈ.பி. லைனோடு அல்லது ஜெனரேட்டரோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் ஈ.பி. லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கும்.