அடுத்த பதவி யார் கையில்? லத்தீன் அமெரிக்க எம்.பி.க்கள்: கேள்வி பதில்

பிரேசிலில் எம்.பி. ஆனவர் ஏன் மேயர் தேர்தலில் நிற்கிறார்? பதவி இறக்கம்தானே?

இல்லைங்க. கீழவையில் 513 பேர். அவர்களில் ஒருவராக இருப்பதைவிடப் பெருநகர மேயருக்குச் செல்வாக்கு அதிகம். பட்ஜெட், நியமனம், ஒப்பந்தம் எல்லாம் அவர் கையில். மாநில அமைச்சர் பதவியும் அப்படித்தான். அதற்கு எம்.பி. பதவியை விடவே வேண்டாம். அரசியலமைப்பின் 56-வது பிரிவுப்படி விடுப்பில் போகலாம், மாற்று உறுப்பினர் வந்து உட்காருவார். மேயரானால்தான் விலக வேண்டும். உள்ளாட்சித் தேர்தலோ எம்.பி.யின் 4 ஆண்டுக் காலத்தின் நடுவில் வருகிறது. தோற்றாலும் பழைய இடம் அப்படியே இருக்கும். மாநில அமைச்சர் பதவியைத் தருபவர் ஆளுநர், அங்கே அவர்தான் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர். ஆகவே தலைநகர் பிரேசிலியாவில் இருந்தாலும் கவனமெல்லாம் சொந்த மாநிலத்து ஆளுநர் மேல்தான்.

அர்ஜென்டினாவில் பெரும்பாலோர் ஒரே தவணையோடு போய்விடுகிறார்களே, லட்சியம் இல்லையா?

மறுதேர்தல் விகிதத்தை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். வேட்பாளர் பட்டியல் மாகாணத் தலைவர்கள் கையில். எம்.பி.க்களின் அடுத்த பதவியும் பெரும்பாலும் மாகாணத்தில்தான்.

மெக்சிகோ போலத் தொடர் மறுதேர்தலைத் தடுத்தால் ஊழல் குறையுமே?

1933-இல் தடுத்தார்கள். 3 ஆண்டு முடிந்ததும் எம்.பி.க்கு அடுத்த வேலை தரக்கூடியவர் யார்? அதிபரும் கட்சியும். தொகுதி மக்களால் அவரைத் தண்டிக்கவும் முடியாது, பரிசளிக்கவும் முடியாது. 2000 வரை ஒரே கட்சி அதிபர் பதவியைக் கையில் வைத்திருந்ததற்கு இதுவும் துணை.

அப்போது ஒரே ஆள் 30 வருடம் உட்காருவது சரியா? (அவரே மீண்டும்)

சரியென்று நான் சொல்லவில்லை. மெக்சிகோவின் 2014 அரசியலமைப்புத் திருத்தம் நடுவழி ஒன்றைத் தந்தது: தொடர்ந்து 12 ஆண்டு வரை. ஆனால் பதவிக்காலத்தின் பாதிக்குள் கட்சியை விட்டு விலகினால் ஒழிய, அதே கட்சிதான் நிறுத்த வேண்டும். கடிவாளம் அப்படியும் கட்சியிடமே இருந்தது. அதைச் சரிசெய்யாமல், 2025-இல் மறுபடியும் தடை கொண்டுவந்துவிட்டார்கள், 2030-இல் அமலாகும். எனக்கு இது பெரிய வருத்தம்.

கோஸ்டாரிகாவில் தடை இருந்தும் நன்றாகத்தானே போகிறது? (இன்னொருவர்)

நல்ல கேள்வி. அங்கே 57 பேரும் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது, அதிபராலும் முடியாது. அதனால் பதவிக்காலத்தின் பின்பாதியில் எம்.பி.க்கள் அதிபரை விட்டுவிட்டு, அடுத்த அதிபர் வேட்பாளர் பக்கம் சாய்வார்கள். நியமனம் தரப்போவது அவர்தானே. ஜனநாயகம் பிழைத்தது, அதற்குத் தேர்தல் தீர்ப்பாயம் உட்பட வேறு காரணங்கள் உண்டு. தடையின் புண்ணியம் என்று எழுதாதீர்கள்.

பிலிப்பைன்ஸ்?

தொடர்ந்து 3 தவணைதான். அப்புறம் மனைவியோ மகனோ நிற்பார்கள்.

எந்த நாட்டில் மறுதேர்தல் விகிதம் குறைவு?

அர்ஜென்டினா பதிலைப் படியுங்கள். விகிதம் கேட்காதீர்கள், பட்டியலில் பெயர் எழுதுவது யார் என்று கேளுங்கள்.

நம் எம்.பி. சம்பளம் எவ்வளவு?

மக்களவை இணையதளத்தில் இருக்கிறது.