ஜெர்மனியில் பாலின மாற்றம்: ஒரே கையெழுத்தா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் ஒரு கையெழுத்துப் போட்டால் ஆண் பெண்ணாகிவிடலாம், டாக்டர் சான்றுகூட வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா? இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கும் என் அக்கா பிள்ளைக்கும் இது பொருந்துமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டாக்டர் சான்று வேண்டாம் என்பது சரி. ஆனால் ஒரே கையெழுத்தில் முடிகிற வேலை இல்லை. அரசுப் பதிவேட்டில் தன் பாலினத்தையும் பெயரையும் தானே முடிவுசெய்ய விடும் சுயநிர்ணயச் சட்டம் 2024 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, முதலில் ஸ்டாண்டஸாம்ட் எனும் பதிவு அலுவலகத்தில் வாய்மொழியாகவோ எழுத்திலோ முன்னறிவிப்பு தரவேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் பாலினப் பதிவை மாற்றும் உறுதிமொழி. ஆண், பெண், டிவெர்ஸ் (ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாவது பதிவு), அல்லது பாலினக் கட்டத்தைக் காலியாக விடுவது என நான்கு வழிகள். முதற்பெயரும் தேர்ந்த பாலினத்துக்குப் பொருந்தவேண்டும்.

சறுக்கல் நடப்பது அடுத்த கெடுவில். முன்னறிவிப்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் உறுதிமொழி தராவிட்டால் அது செல்லாது. மார்ச் 3இல் அறிவித்தவருக்கு ஜூன் 3 முதல் செப்டம்பர் 3 வரைதான் வாய்ப்பு. தவறினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் அறிவிப்புக் கொடுக்கும்போதே உறுதிமொழிக்கும் நாள் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பதிவானபின் ஓராண்டுக்குப் பெரியவர்கள் மீண்டும் மாற்ற முடியாது. அவசர முடிவைத் தடுக்க இந்த ஓராண்டே போதும். மூன்று மாதக் காத்திருப்பு வீண் என்பேன்.

1981 முதல் இருந்த பழைய சட்டத்தில் நீதிமன்றம் போகவேண்டும், இரண்டு நிபுணர் அறிக்கை வேண்டும். அரசுக்காக நடந்த ஆய்வில் சராசரிச் செலவே 1,868 யூரோ. அறுவைச் சிகிச்சை நிபந்தனையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2011லேயே நிறுத்திவைத்துவிட்டது.

14 வயதுக்குக் கீழ் என்றால் உறுதிமொழியைப் பெற்றோர் தரவேண்டும். 14 முதல் 17 வரை பிள்ளையே தரலாம், பெற்றோர் சம்மதத்தோடு. மறுத்தால் குடும்ப நீதிமன்றம் பார்க்கும்.

பெண்களுக்கான சானாவிலும் (நீராவிக் குளியல்) விளையாட்டிலும் ஆண்கள் நுழைந்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப் பயமுறுத்துகிறது. அந்த விஷயங்களை இந்தச் சட்டம் தொடவே இல்லை. யாரை உள்ளே விடுவது என்பது நடத்துபவரின் உரிமை, சங்கத்தின் விதி. பழைய பெயரை வாய் தவறிச் சொன்னால் 10,000 யூரோ அபராதம் என்பதும் கதை. கெடுக்கும் நோக்கத்தோடு வெளியிட்டால்தான் அந்தத் தொகைவரை போகலாம்.

உங்கள் அக்கா பிள்ளையிடம் நிரந்தர வசிப்புரிமையோ, நீட்டிக்கத்தக்க வசிப்பு அனுமதியோ, ஐரோப்பிய ப்ளூ கார்டோ (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதி) இருந்தால் விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாவில் முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஜெர்மன் பதிவு மாற்றாது. அதை இந்தியத் தூதரகத்தில் தனியாகத்தான் கேட்கவேண்டும். அதுவரை இரண்டு காகிதத்தில் இரண்டு பெயர், விமான நிலையத்தில் அலைச்சல். பழைய பட்டச் சான்று, வேலைச் சான்றுகளை ஜெர்மன் கல்லூரியும் கம்பெனியும் புதுப்பெயரில் தரவேண்டும், செலவு கேட்பவருடையது.