கேளுங்கள், சொல்கிறோம்: டிரெய்லருக்கு சென்சர் தேவையா?

கேள்வி: கெப் வாகனத்தில் ஒற்றை அச்சு டிரெய்லர் பூட்டி, கரட்டும் உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றி இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறேன். கொக்கியில் விழும் பாரத்தைக் காட்டும் சென்சர், டிரெய்லர் ஆடினால் மணியடிக்கும் கருவி, கைபேசிச் செயலி மூன்றும் சேர்ந்த செட் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (கந்தப்பளை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தக் காசை முதலில் டிரெய்லரின் பிரேக்குக்கும் டயருக்கும் போடுங்கள்.

கொக்கியில் எத்தனை கிலோ விழுகிறது என்பதை ஆள் நிறை பார்க்கும் சாதாரணத் தராசே காட்டிவிடும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வழக்கமான சுமையை ஏற்றி, கெப்பைக் கழற்றுங்கள். கொக்கியின் உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் மெதுவாக இறக்குங்கள். உங்கள் கால் மூக்குக்கு அடியில் போகக்கூடாது. டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 800 கிலோ என்றால், தராசு 80 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். கொக்கிக்குக் குறித்திருக்கும் உச்ச அளவையும் தாண்டக்கூடாது.

30 கிலோதான் காட்டுகிறதா? பின்பாரம் கூடிவிட்டது. வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அச்சிலிருந்து கொக்கிவரை 2.5 மீட்டர் நீளமென்றால், 50 கிலோ மூட்டை ஒன்றை அரை மீட்டர் முன்னே தள்ளினால் மூக்கில் 10 கிலோ கூடும். ஐந்து மூட்டையைத் தள்ளினால் கணக்குச் சரி. கிழங்கும், கழுவிய ஈரக் கரட்டும் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னேயும் இருக்கட்டும். லீக்ஸ் பின்னால் போகலாம்.

சில புது வாகனங்கள் ஆட்டத்தை உணர்ந்து சில்லுகளைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து அடக்கும். அது உண்மையிலேயே உதவும். உங்களிடம் சொல்லப்படுவதோ வெறும் மணி. அது அடிக்கும்போது டிரெய்லர் ஆடிக்கொண்டிருக்கும், அது உங்கள் முதுகுக்கே தெரியும். அப்போது எக்ஸலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

இறம்பொடை இறக்கத்தில் எங்களுக்குப் பெரிய பயம் சூடுதான். டிரெய்லர் முன்னே தள்ளும்போது தானாகப் பிடிக்கும் வகைப் பிரேக் என்றால், இறக்கம் முழுக்கப் பிரேக் டிரம் உரசிக்கொண்டே வரும். நீங்கள் சொன்ன மூன்றில் எதுவும் இந்தச் சூட்டைப் பார்க்காது. இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாம் கியருக்கு வாருங்கள். இடையில் இடம் பார்த்து நிறுத்தி, சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். அனல் அடித்தாலோ கருகல் வாடை வந்தாலோ ஆறவிட்டுப் புறப்படுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அவை தாங்கும். கொக்கியின் 'பின்' (pin) கழராமல் கிளிப் போடும் இடத்தில் கம்பியோ ஆணியோ செருகவே கூடாது.

கேள்வி: குமிழைத் திருப்பினால் டிரெய்லர் தானாகப் பின்னால் போகும் வாகனம் உண்டாமே? தோட்டத்து ரோட்டுக்குச் சரிவருமா? (ராகலை வாசகர்)

பதில்: உண்டு. ஃபோர்ட் 2016 எஃப்-150 வாகனத்தில் அதைக் கொடுத்தது. டிரெய்லரின் முன்தண்டில் ஒட்டிய அடையாளத் தாளைப் பின்கேமரா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சேறு தெறித்தாலோ லென்ஸில் பனி படிந்தாலோ வேலை நின்றுவிடும். ஆகவே தோட்டத்து ரோட்டில் அதை நம்பாமல் நீங்களே பின்னெடுக்கப் பழகுங்கள். கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள்; டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக. மடங்கத் தொடங்கினால் நிறுத்தி, முன்னே எடுத்து நேராக்குங்கள். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும். பள்ளத்துப் பக்கம் ஓர் ஆள் நின்று சொல்லட்டும்.

கேள்வி: பிரேக் மிதித்தால் டிரெய்லரின் சிக்னல் விளக்கும் மங்கலாக எரிகிறது. கன்ட்ரோல் பொக்ஸ் மாற்றவேண்டுமாம். (வெலிமடை வாசகர்)

பதில்: முதலில் எர்த் வயரைப் பாருங்கள். ஏழு பின் பிளக்கில் பெரும்பாலும் வெள்ளை வயர், 3ஆம் பின். அந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து வஸலின் பூசுங்கள். கொக்கி வழியாக எர்த் எடுத்திருந்தால் தனி வயர் இழுத்துவிடுங்கள்.