நிக்கான் டி5600 கேமராவுக்கு முதல் மேக்ரோ லென்ஸாக 40 மி.மீ. வாங்கலாமா, 105 மி.மீ. வாங்கலாமா?

உங்களிடம் டி5600 கேமராவும் அதனுடன் சேர்த்தே விற்கப்படும் 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. தோட்டத்துப் பூச்சிகளையும் பூக்களையும் மிக நெருக்கமாகப் படமெடுக்க விரும்புகிறீர்கள். விலை குறைந்த 40 மி.மீ. மேக்ரோ போதுமா, பணம் சேர்த்து 105 மி.மீ. வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சிகள்தான் உங்கள் முதல் விருப்பம் என்றால் 40 மி.மீ. லென்ஸைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் பதில். 85 முதல் 105 மி.மீ. வரையிலான ஒரு லென்ஸை, ஒருவர் பயன்படுத்தியதாக இருந்தாலும் சரி, வாங்குங்கள். பணத்தில் ஒரு பகுதியை ஃபிளாஷுக்கு ஒதுக்கி வையுங்கள்.

மேக்ரோ லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எது கூர்மையானது என்றே தேடுகிறார்கள். நிக்கான், டாம்ரான், சிக்மா, டோக்கினா ஆகியவற்றின் 1:1 மேக்ரோ லென்ஸ்கள் (அதாவது பொருளின் பிம்பம் அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்வரை நெருங்கக்கூடியவை) அனைத்துமே எஃப்/8 அபர்ச்சரில் (அபர்ச்சர் என்பது ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) ஒரு தொடக்கநிலையாளருக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே கூர்மையானவை. ஆகவே அந்த ஒப்பீட்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உண்மையில் வேறுபடுவது, பூச்சிக்கும் லென்ஸின் முனைக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதுதான்.

தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கப்படுவதால், அந்த எண்ணை அப்படியே நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். நிக்கான் 40 மி.மீ. லென்ஸுக்கு அது 16.3 செ.மீ.; அதில் கேமராவின் ஆழத்தையும் லென்ஸின் நீளத்தையும் கழித்தால், முழு உருப்பெருக்கத்தில் பூச்சிக்கு முன்னால் மிஞ்சுவது சுமார் மூன்றரை செ.மீ. மட்டுமே. அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸின் நிழலே பூச்சியின் மேல் விழும். தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் அதற்கு வெகு முன்பே பறந்துவிடும். நிக்கான் 105 மி.மீ. வி.ஆர். (அதிர்வுக் கட்டுப்பாடு உள்ள) லென்ஸுக்குக் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 31.4 செ.மீ., முன்னால் மிஞ்சுவது ஏறத்தாழ 15 செ.மீ. உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கென்றே வந்த நிக்கான் 85 மி.மீ. எஃப்/3.5 லென்ஸிலும் கிட்டத்தட்ட இதே இடம் கிடைக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். குவியத் தூரம் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) கூடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு: பின்னணியில் தெரியும் பரப்பு குறுகுவதால், ஓரடி நகர்ந்தாலே குறுக்கிடும் குச்சியையும் வெளிறிய வானத்தையும் சட்டத்திலிருந்து விலக்கிவிடலாம்.

105 மி.மீ. லென்ஸில் பூச்சி பெரிதாகத் தெரியும் என்று எண்ண வேண்டாம். இரண்டுமே 1:1 வரை செல்பவைதான். அந்த அளவில் உங்கள் கேமராவின் சட்டத்துக்குள் அடங்குவது 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் கொண்ட பரப்பு. பத்து மி.மீ. நீளமுள்ள முசுறு எறும்பு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அகலத்தை நிரப்பும். எறும்பின் முகம் மட்டும் சட்டத்தை நிறைக்க வேண்டுமென்றால் இந்த லென்ஸ்கள் எதுவும் போதா. அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெருக்கும் வேறு ஏற்பாடுகள் வேண்டும். மறுபுறம், சிறகை விரித்து அமர்ந்திருக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சிக்கு 1:4 அளவே, அதாவது உண்மை அளவில் கால் பங்கே, போதும். எனவே நீங்கள் எடுக்க விரும்பும் உயிர்களின் நீளத்தை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். சில ஜூம் லென்ஸ்களின் மேல் மேக்ரோ என்று அச்சிட்டிருந்தாலும் அவை 1:2 அல்லது 1:4 அளவோடு நின்றுவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று விளக்க வேண்டும், ஏனெனில் முதல் மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்களில் பலர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். 1:1 அளவில், எஃப்/8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் உங்கள் கேமராவில் சுமார் 0.6 மி.மீ.; எஃப்/11 வைத்தால் 0.9 மி.மீ. அளவுக்கு வரும். உருப்பெருக்கம் ஒன்றாக இருக்கும்வரை 40 மி.மீ. லென்ஸிலும் 105 மி.மீ. லென்ஸிலும் இந்த ஆழம் ஏறக்குறைய ஒன்றே. சிலந்தியின் கண் தெளிவாக இருந்தால் கால் மங்கிப்போகும் என்பதால் அபர்ச்சரைச் சுருக்கியே ஆக வேண்டும். ஆனால் நெருங்க நெருங்க சென்சாரை அடையும் ஒளியும் தானாகவே குறைகிறது. அதனால்தான் 105 மி.மீ. லென்ஸை 1:1 அளவுக்குத் திருப்பியதும் எஃப்/2.8 என்று காட்டிக்கொண்டிருந்த கேமரா எஃப்/4.8 என்று காட்டத் தொடங்கும். அது பழுது அன்று. இந்த நிலையில் மர நிழலில் இயற்கை ஒளியை மட்டும் நம்பினால், ஷட்டர் வேகம் குறைந்து காற்றில் ஆடும் இலையோடு படமும் கலங்கிவிடும்.

கேமராவுக்கு வெளியே பொருத்தும் சாதாரண ஃபிளாஷ் ஒன்றும், அதன் முன்னால் வெள்ளைத் தாளோ மெல்லிய நுரைத் தாளோ வைத்து நீங்களே செய்துகொள்ளும், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசரும் இருந்தால், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 200, ஷட்டர் 1/200 நொடி, எஃப்/11 என்று வைத்துக்கொண்டு நண்பகல் நிழலிலும் அந்தியிலும் ஒரே மாதிரி படமெடுக்கலாம். டி5600 கேமராவில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகம் 1/200 என்றாலும், ஒளியின் பெரும்பகுதி ஃபிளாஷிலிருந்தே வரும்போது அதன் கண நேர வெளிச்சமே அசைவை உறையச் செய்துவிடும். டிஃப்யூசர் பெரிதாகவும் பூச்சிக்கு அருகிலும் இருப்பது முக்கியம். வண்டுகளின் முதுகு கண்ணாடிபோல் பளபளப்பதால், சிறிய ஒளிமூலம் அங்கே வெள்ளைப் புள்ளியாக எரிந்து நிறத்தையே அழித்துவிடும்.

அதிர்வுக் கட்டுப்பாடு நல்ல வசதிதான். ஆனால் 1:1 அளவில் அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடுவதால், அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஆட்டோ ஃபோகஸும் அப்படியே: முழு நெருக்கத்தில் அதை அணைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்தி, உடலை மிக மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கண் தெளியும் கணத்தில் அழுத்துவதே பெரும்பாலோர் கையாளும் முறை. டி5600 கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் டோக்கினாவின் பழைய 100 மி.மீ. எஃப்/2.8 போன்ற லென்ஸ்கள் அதில் கைமுறையாகவே இயங்கும். பூச்சிகளுக்கு அது குறையாகத் தோன்றாது. அதே லென்ஸில் மனிதர்களையும் படமெடுக்கப் போகிறீர்கள் என்றால் மோட்டார் உள்ள நிக்கான் 85, 105 அல்லது டாம்ரான் 90 மி.மீ. லென்ஸைத் தேடுங்கள். டாம்ரானில் மோட்டார் இல்லாத பழைய பதிப்பும் சந்தையில் உலவுவதால் கேட்டு வாங்குங்கள்.

உங்களிடமோ நண்பரிடமோ 70-300 ஜூம் லென்ஸ் இருக்குமானால், லென்ஸ் வாங்குவதற்கு முன் ரேனாக்ஸ் நிறுவனத்தின் டி.சி.ஆர்-150 என்னும் பெருக்குக் கண்ணாடியை அதன் முன்னால் மாட்டிப் பாருங்கள். ஜூமை 200 மி.மீ. அளவில் வைத்தால் ஏறத்தாழ 1:1 உருப்பெருக்கமும் முன்னால் 20 செ.மீ. அளவு இடமும் கிடைக்கும். ஜூமைக் குறைத்தால் மூலைகள் கருக்கும். தொலைவில் உள்ளவற்றை எடுக்க அதைக் கழற்றியாக வேண்டும் என்ற சிரமம் இருந்தாலும், ஒரு மேக்ரோ லென்ஸின் விலையில் சிறு பங்குக்கு இத்துறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கிட் லென்ஸில் மாட்ட இதை வாங்க வேண்டாம், 55 மி.மீ. அளவுக்கு இதன் பெருக்கம் போதாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்று வளையங்களான எக்ஸ்டென்ஷன் டியூப்களில், மலிவாக விற்கும் மின்தொடர்பும் அபர்ச்சர் நெம்புகோலும் இல்லாதவற்றையும் தவிருங்கள், ஏனெனில் உங்கள் கிட் லென்ஸின் அபர்ச்சர் முழுவதும் மூடிக்கொண்டு வியூஃபைண்டரே இருண்டுவிடும்.

40 மி.மீ. லென்ஸை நான் மட்டமானதாகச் சொல்லவில்லை. பூக்கள், நாணயங்கள், நகைகள், உணவு, பழைய புகைப்பட நெகட்டிவ்கள் ஆகிய ஓடிப்போகாதவற்றுக்கு அது அருமையான கருவி. 235 கிராம் எடையில் நாள்தோறும் பையில் வைத்திருக்கவும் ஏற்றது. பூக்களே உங்கள் மனத்தில் முதலிடம் பெற்றிருந்தால் தயங்காமல் அதையே வாங்கலாம்.

பயன்படுத்திய லென்ஸை வாங்கச் செல்லும்போது உங்கள் கேமராவையும், ஓர் அளவுகோலையும், ஒரு டார்ச்சையும் எடுத்துச் செல்லுங்கள். பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். கடலோர ஊர்களில் இது மிகுதி, இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஃபோகஸ் வளையம் முதல் முனையிலிருந்து கடைசி முனைவரை ஒரே இழுவையில் சுழல வேண்டும். பிறகு அதை முழு நெருக்கத்துக்குத் திருப்பி அளவுகோலைப் படமெடுங்கள். சட்டத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை 23 அல்லது 24 மி.மீ. கோடுகள் தெரிந்தால், உங்கள் கையில் இருப்பது உண்மையான 1:1 மேக்ரோ.