மூழ்கப்போகும் தீவுக்கு எதற்கு ஓடுபாதை?

அன்புள்ள சார்,

பசிபிக் தீவு நாடான துவாலுவில் விமான நிலைய ஓடுபாதைக்குத் தார் போடும் வேலைக்குப் போனதைப் பற்றி ஒரு கட்டுரையில் இரண்டே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இன்னும் ஐம்பது வருடத்தில் கடலுக்குள் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிற நாடு அது. அங்கே உலக வங்கிப் பணத்தைக் கொண்டுபோய் ஓடுபாதையில் கொட்டுவது வீண் இல்லையா? வேலை செய்யும்போது உங்களுக்கு உறுத்தவில்லையா? இன்னொரு விஷயம். சிவில் படித்த என் தம்பிக்கு பசிபிக் தீவு ஒன்றில் இதே மாதிரி வேலை வந்திருக்கிறது. அனுப்பலாமா?

கே., நாமக்கல்

அன்புள்ள கே.,

உறுத்தியது. ஆனால் நீங்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

தலைநகரான ஃபுனாஃபுட்டியில் விமான நிலையம் இருக்கும் தீவின் பெயர் ஃபோங்காஃபாலே. மிக அகலமான இடத்திலேயே சுமார் 400 மீட்டர்தான். ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் காயல். நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் ஓடுபாதை. ஃபிஜியின் சுவாவிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு சின்ன விமானம் வரும். வருவதற்கு முன் சைரன் ஊதுவார்கள், எல்லோரும் விலகிக்கொள்வார்கள். விமானம் போனதும் திரும்பி வந்துவிடுவார்கள். வாலிபால், ரக்பி, 'தே ஆனோ' என்று அவர்களுடைய பழைய பந்து விளையாட்டு, சைக்கிள் பழகும் பிள்ளைகள். புழுக்கமான ராத்திரிகளில் பாயும் தலையணையுமாக வந்து அதிலேயே படுத்துத் தூங்குவார்கள். ஊருக்கு மந்தை, மைதானம், மொட்டைமாடி மூன்றுமே அந்த ஓடுபாதைதான்.

அதை நாங்கள் போய்க் கயிறு கட்டி அடைத்தோம். உறுத்தல் அதுதான். முதல் வாரம் ஆட்களை விரட்டிக்கொண்டே இருந்தோம். அப்புறம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: வேலை நடக்காத பாதி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர்களுக்கு. ஓடுபாதையில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் விமானத்தின் இன்ஜினையோ புரொப்பெல்லரையோ பதம் பார்த்துவிடும். அதனால் தினமும் வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்கி, குனிந்த தலையுடன் நடந்து சோதிப்போம். நாங்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு தேடியதில் தப்பிய ஜல்லிகளை, வெறுங்காலில் பந்தாடிய பிள்ளைகள் கண்டுபிடித்து ஓரமாகக் குவித்து வைத்திருப்பார்கள்.

அந்த ஓடுபாதைக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. ஜப்பானியர் பிடித்திருந்த நௌரு தீவின் மேல் குண்டு போட 1943 ஏப்ரலில் விமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பின. பவழத்தீவில் பாறை கிடையாது. அவர்கள் தீவையே தோண்டினார்கள். பவழக்கல்லை நொறுக்கிப் பரப்பி, கடல்நீர் தெளித்து உருட்டினால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். நம் சேப்பங்கிழங்குக்கு உறவுக்கார 'புலாகா' என்ற கிழங்கு விளைந்த குழிகள் அந்த ஓடுபாதைக்கு அடியில் போயின. யுத்தம் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள், தோண்டிய பள்ளங்கள் மட்டும் எழுபது வருடம் அப்படியே கிடந்தன. உப்புத்தண்ணீர், குப்பை, பன்றிக்கொட்டில். இடமில்லாதவர்கள் அவற்றின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். நியூசிலாந்தின் பணத்தில் காயலிலிருந்து மணலை உறிஞ்சி அந்தப் பள்ளங்களை மூடியது 2015இல். நாங்கள் தார் போட்டதும் அதே வருடம்.

எங்களால் தோண்ட முடியாது, தோண்டவும் கூடாது. ஆகவே ஜல்லி ஃபிஜியிலிருந்து கப்பலில் வந்தது. தார், கலவை இயந்திரம், கலவையைப் பரப்பும் பேவர், ரோலர், போல்ட்டு நட்டு எல்லாமே கப்பல்தான். ஒரு பெல்ட் அறுந்தால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் இன்னும் மோசம். குடிப்பதற்கு மழைத்தண்ணீர்தான் பெரும்பாலும். 2011இல் மழை பொய்த்து அவசரநிலையே அறிவித்த ஊர் அது. ரோலர் சக்கரத்தில் தார் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் டேங்கரில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மழை வேண்டிய ஊரில் நாங்கள் மட்டும் மழைக்குப் பயந்தோம். சூடான கலவை 150 டிகிரி வாக்கில் இயந்திரத்திலிருந்து வரும், ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். ஒரு மத்தியானம் கடல் மேல் கருத்த மேகத்தைப் பார்த்தும் "தாண்டிப் போய்விடும்" என்று சொல்லி நான்தான் லாரியை விடச் சொன்னேன். தாண்டவில்லை. நாற்பது மீட்டரைச் சுரண்டி எடுத்தோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலில் வந்த ஜல்லி. சுரண்டியதை ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக அள்ளிப் போய் வாசலில் பரப்பிக்கொண்டார்கள். என் தவறு அவர்கள் முற்றத்துக்கு உபயோகமாயிற்று.

சரி, மூழ்குவது பற்றி. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, 1971க்கும் 2014க்கும் நடுவில் துவாலுவின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்த அதே காலத்தில்தான், அலைகள் மணலையும் உடைந்த பவழத்தையும் கொண்டுவந்து சேர்த்ததால். இதை வைத்து ஆபத்தே இல்லை என்று சிலர் கிளம்புவார்கள், அதுவும் தப்பு. அங்கே கடல் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் வருகிறது. பவழ நிலம் சல்லடை மாதிரி. வருடத்தின் ஆரம்ப மாதங்களில் கடல் மிக உயரமாக ஏறும் பெரிய ஓத நாட்களில் ஓடுபாதையை ஒட்டிய தரையில் குமிழியிட்டுத் தண்ணீர் ஊறுவதைப் பார்க்கலாம். தார் போடுகிறவனுக்கு மேலே பெய்கிற மழையைவிட அடியில் இருந்து அழுத்துகிற தண்ணீர்தான் எமன். கிழங்கு போடுகிறவனுக்கும் அப்படியே. நிலம் மறைவதற்கு முன்னால் நிலத்தடி நீர் உப்பாகிவிடும்.

அப்படியானால் வீண்தானே என்பீர்கள். நாட்டில் சுமார் 11,000 பேர், விமான நிலையம் அது ஒன்றுதான். அங்கே பார்க்க முடியாத நோய் என்றால் ஃபிஜிக்குப் பறக்க வேண்டும். ஓடுபாதையின் ஆயுள் இருபது வருடம் என்று வைத்தாலும், அதற்குள் பிறக்கிற பிள்ளைக்கும் நோயாளிக்கும் ஐம்பது வருடக் கணக்கைக் காட்டி என்ன பதில் சொல்வது? 2023இல் ஆஸ்திரேலியா துவாலுவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி வருடத்துக்கு 280 துவாலுக்காரர்கள் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த ஓடுபாதைக்குத்தான் அவர்கள் வர வேண்டும்.

தம்பியை அனுப்புங்கள். கப்பல் தாமதமாகி வேலை நிற்கிற நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், எனக்கு முதலில் இல்லை. மீன் சலிக்கும் அளவுக்குக் கிடைக்கும், பச்சைக் காய்கறிக்கு ஏங்குவான். சாயங்காலம் யாராவது விளையாடக் கூப்பிட்டால், ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று சொல்லிக் கழன்றுகொள்ள வேண்டாம். நான் மூன்று வாரம் அப்படித்தான் கழன்றுகொண்டேன். விளையாடப் போனபிறகுதான் தெரிந்தது, அடுத்த நாள் வேலைக்கு ஆள் பேசுவதும் அங்கேதான் நடக்கிறது என்று.